தண்ணீர் பிரியும் வீடு

1

எங்கள் கவுன்டியில் ஒரு டிராஃபிக் சிக்னல்கூடக் கிடையாது. லிஃப்ட் உள்ள கட்டடம் ஒன்றே ஒன்று, அதுவும் பாதி நாள் ரிப்பேர். ராயப்பேட்டை மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்க நிற்கும் கூட்டத்தை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து இங்கே இறக்கிவிட்டால், மக்கள்தொகை இரண்டு மடங்காகிவிடும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இது அமெரிக்காவின் மேற்கு மலைகளுக்குள் இருக்கிற ஓர் இடம். இந்த அக்டோபரில் எனக்கு இங்கே மூன்றாவது குளிர்காலம் தொடங்கியது. அடையாறில் என்னோடு படித்த தோழிகள் போனில், "அமெரிக்காவுல எந்த ஊரு?" என்பார்கள். பெயரைச் சொல்வேன். பிறகு, "பக்கத்துல பெரிய ஊரு எது?" பக்கத்தில் பெரிய ஊர் இல்லை. பக்கத்தில் ஒரு மலை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு மலை. பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை. எழுதினால் நான் சொல்லப்போகிற ஆட்களை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அவ்வளவு சின்ன இடம்.

கவுன்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கலெக்டர் இல்லை. ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த மூன்று பேர் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடிவு செய்வார்கள். அவர்களில் ஒருவர் மளிகைக்கடைக்காரர். தீர்மானம் நிறைவேற்றிவிட்டு ஓடிப்போய்க் கடை திறப்பார்.

நான் படித்தது கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் படிப்பு. இங்கே என் வேலை, வீடுகளுக்கு நம்பர் கொடுப்பது. சிரிக்காதீர்கள். மலைப்பாதையில் யாருக்காவது நெஞ்சுவலி வந்து போன் செய்தால், ஆம்புலன்ஸ் எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்று தெரிய வேண்டுமே. சாலை தொடங்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் வீடு இருக்கிறதோ, அதை வைத்து நம்பர். வந்த முதல் மாதமே உற்சாகத்தில் ஒரு பள்ளத்தாக்கு முழுவதற்கும் புது நம்பர் போட்டு, பட்டியலை அச்சடித்து ஒட்டினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய எண் இது, புதிய எண் இது. மெட்ராஸ்காரிக்கு அப்படித்தானே வரும்! மயிலாப்பூரில் எந்த வாசலில் பார்த்தாலும் இரண்டு எண்கள்தானே இருக்கும். தபால்காரர் இரண்டையும் மனப்பாடம் செய்துவிடுவார், விருந்தாளி இரண்டிலும் தொலைந்துபோவார். உலகம் முழுக்க இதுதான் முறை என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த நாள் என் மேலதிகாரி கார்ல் அந்தக் காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா இது, ஒரு வூட்டுக்கு ரெண்டு நம்பரு? ஆம்புலன்ஸும் ரெண்டு அனுப்பவா?"

2

கார்ல் இப்படித் தமிழில் பேசவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அவருடைய ஆங்கிலத்தை எந்தத் தமிழில் எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன். மனிதர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு ஓட்டுகிற ஓட்டும், வாயில் வருகிற கிண்டலும், எனக்கு அடையாறு டெப்போ பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்களைத்தான் ஞாபகப்படுத்துகின்றன. என் காதில் அவர் இப்படித்தான் விழுகிறார், அப்படியே எழுதுகிறேன்.

இங்கே ஓர் ஆளுக்கு மூன்று வேலை. கார்ல் சாலைத் துறைத் தலைவர், குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரியின் டிரைவர், தீயணைப்புக்கும் அவர்தான். ஒரு நாள், "உங்களுக்கு மேல யாரு?" என்று கேட்டேன். "மழை," என்றார்.

அவரிடம் நான் ஓயாமல் கேள்வி கேட்பேன். இந்த ஊர் எப்படி வந்தது, யார் வந்தார்கள், ஏன் போனார்கள். வெள்ளி கிடைத்ததாம். சுரங்கம் தோண்ட ஆட்கள் வந்தார்களாம். ஓட்டல், நாடக அரங்கு, பத்திரிகை என்று மலை உச்சிவரை வந்துவிட்டதாம். வெள்ளியின் விலை விழுந்ததும், கதவைக்கூடச் சாத்தாமல் கிளம்பிவிட்டார்கள். இன்று உயிரோடிருப்பவர்களைவிடக் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருப்பவர்கள்தான் அதிகம்.

"அவங்களுக்கு ஓட்டு இல்ல. அதான் நிம்மதி," என்பார் கார்ல்.

"அதுக்கு முன்னாடி யார் இருந்தாங்க?"

அவர் லாரியை ஒரு வளைவில் திருப்பினார். பிறகு சொன்னார். கோடையில் மான் கூட்டத்தோடு மேலே வந்து, குளிர் தொடங்கும் முன் கீழே இறங்கிவிடுகிற மக்கள் இருந்தார்களாம். வெள்ளி கிடைத்த பிறகு, அவர்கள் வரக்கூடாது என்று சொல்லி வெகு தொலைவில் ஒரு வறண்ட பூமியில் கொண்டுபோய்க் குடியேற்றிவிட்டார்கள்.

எனக்கு அது புதுக்கதையாக இல்லை. நாங்கள் அடையாற்றங்கரையில் இருந்தவர்கள். எங்களை அங்கிருந்து எடுத்து நகரத்தின் ஓரத்தில் அடுக்குமாடியில் வைக்கும் முன்பு, யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். பூட்டியிருந்தால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். அம்மா மயிலாப்பூரில் ஒரு மாமி வீட்டில் சமையலுக்கு ஒத்தாசையாக இருந்தாள். அவர்கள் வந்துபோகும்வரை வேலைக்குப் போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். நாங்கள் அங்கே இருக்கிறோம் என்பதற்கு அவள் உட்கார்ந்திருந்ததுதான் சாட்சி.

3

இனி அந்த வீட்டுக்கு வருகிறேன்.

கவுன்டியின் மேற்கு ஓரத்தில் ஒரு கணவாய். மற்ற இடங்களில் மலைமுகடு கத்தி மாதிரி கூராக இருக்கும். இங்கே மட்டும் மெட்ராஸ் தீவுத்திடல் மைதானம் மாதிரி விரிந்த புல்வெளி. அதன் நடுவில் ஒரே ஒரு மரவீடு. அதில் வாலஸ், நோரா என்று ஒரு தம்பதி. வாலஸ் அந்த வீட்டிலேயே பிறந்தவர், எண்பதைத் தாண்டியவர். நுரையீரல் சரியில்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாய் இல்லாமல் பத்தடி நடக்க முடியாது. ஆக்சிஜனுக்கு ஒரு மெஷின் உண்டு, அது கரண்டில் ஓடும். குளிர்காலத்தில் மேலே கரண்டு அடிக்கடி போய்விடும். அப்போது சிலிண்டர்தான் கதி. அந்த சிலிண்டர் வாராவாரம் வேனில் வரும். கார்ல் பனியைத் தள்ளி வழி செய்தால்தான் வேன் ஏறும்.

இந்த செப்டம்பரில் மாநிலத் தலைமையிடத்திலிருந்து புது வரைபடம் வந்தது. விமானத்திலிருந்து அளந்து, கம்ப்யூட்டரே எல்லைக்கோடு போட்டது. அதை என் திரையில் திறந்தேன். கணவாயில் கோடு கொஞ்சம் கிழக்கே நகர்ந்திருந்தது. வாலஸின் வீடு கோட்டுக்கு அந்தப் பக்கம், பக்கத்து கவுன்டிக்குள் இருந்தது.

கார்லைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

"பேஜாரா பூட்ச்சே."

"ஏன், அவங்க பனி தள்ள மாட்டாங்களா?"

"அந்தப் பக்கத்து ரோட்ட நவம்பர்லயே கேட்டு போட்டு மூடிடுவானுங்க. வசந்தத்துலதான் தொறப்பானுங்க. நம்ம லாரி கோட்டத் தாண்டிப் போனா இன்சூரன்ஸ் இல்ல. நான் போய்க் கவுந்தா எவன் பதில் சொல்றது?"

"அப்ப அவங்க?"

"கீழ மவ வூடு கீது. அங்க போவச் சொல்வாங்க."

மூன்று உறுப்பினர்களின் கூட்டம் நவம்பர் முதல் வாரத்தில். பனி தள்ளும் சாலைகளின் பட்டியலை அன்று உறுதி செய்வார்கள். அதற்குள் கோடு எங்கே என்று தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் வாலஸ், பிறந்த வீட்டைவிட்டு இறங்க வேண்டும்.

4

அடுத்த நாளே மேலே போனேன். செய்தியை நான்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். பிறகு யாரும் முகம் தெரியாத ஆபீஸைத் திட்டக்கூடாது, என்னைத் திட்டட்டும்.

நோரா கதவைத் திறந்தார். கார்ல் ஆட்டோ அண்ணன் என்றால், நோரா எனக்கு அப்படியே மயிலாப்பூர் மாமி. பள்ளிக்கூடம் விட்டு அம்மாவோடு அந்த வீட்டின் அடுக்களையில் உட்கார்ந்து கேட்ட பேச்சு அப்படியே என் காதில் ஏறிக்கொள்கிறது. நான் என்ன செய்ய?

"வாசல்லயே நின்னுண்டு என்னடி யோசனை? உள்ள வா, குளிர் வரது."

உள்ளே மேற்குப் பக்கத்தில் படுக்கையறை. கட்டிலுக்கு நேரே பெரிய ஜன்னல். ஜன்னல் நிறைய ஒரே ஒரு மலை, தலையில் இப்போதே வெள்ளை. வாலஸ் கட்டிலில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் மலையைவிட்டுத் திரும்பவில்லை.

"இவர் பதில் சொல்ல மாட்டார். நான் சொல்றேன்," என்றார் நோரா. "எங்க பொண்ணு வாராவாரம் போன் பண்ணிண்டே இருக்கா, கீழ வந்துடு, வந்துடுன்னு. அங்க வீடு நன்னாத்தான் இருக்கு. ஆஸ்பத்திரி எதிர்த்தாப்பல. ஆனா இவர் அங்க போனா ஜன்னல்ல பார்க்கிங்கைப் பார்த்துண்டு உக்காந்திருப்பார். ஒரு மாசம். ரெண்டு மாசம். அப்புறம் பார்க்கறதுக்கே ஒண்ணும் வேண்டாம்னு ஆயிடும்."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "உங்கம்மாவ நீ இங்க கூப்பிட்டியோ?"

"கூப்பிட்டேன்."

"வந்தாளா?"

"அங்க வந்து பனிய வாரிக்கினு கெடக்கவான்னு கேக்கறாங்க."

நோரா சிரித்தார். வாலஸும் சிரித்தார் என்று நினைக்கிறேன். தோள் கொஞ்சம் குலுங்கியது.

கிளம்பும்போது அவர் முதன்முறையாக வாய் திறந்தார். "கோடு எங்கேன்னு யார் சொல்றாங்க?"

"கம்ப்யூட்டர்."

"அது இங்க வந்து பார்த்துச்சா?"

5

அந்தக் கேள்வி என்னோடு மலையிறங்கி வந்தது. கவுன்டி உருவான காலத்துச் சட்டத்தில் எல்லை எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று பார்த்தேன். ஒரே வரி. தண்ணீர் எங்கே பிரிகிறதோ அதுவே எல்லை. கிழக்கே ஓடும் மழைத்தண்ணீர் எங்களுடையது, மேற்கே ஓடுவது அவர்களுடையது. எங்கள் பக்கத்துத் தண்ணீர் ஆறு ஆறாகச் சேர்ந்து கடைசியில் அட்லாண்டிக் பக்கம் போகிறது. அவர்களுடையது பசிபிக் பக்கம். எவ்வளவு அழகான எல்லை! சட்டத்துக்கு முன்னால் வரைபடம் ஒன்றுமில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டினால் போதும்.

உடனே இரண்டு பக்கெட்டோடு மேலே போய், வீட்டைச் சுற்றிப் புல்வெளியில் தண்ணீர் ஊற்றினேன். கார்ல் லாரிக்குள் உட்கார்ந்து காப்பி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஊற்றிய தண்ணீர் எங்கேயும் போகவில்லை. நின்ற இடத்திலேயே மண் குடித்துவிட்டது. இன்னொரு பக்கெட். அதையும் குடித்தது.

"இன்னா, கோடு தெரிஞ்சுதா?" கார்ல் ஜன்னலை இறக்கினார். "செடி எதுனா மொளைக்கிதா பாரு, செல்வி."

"உங்களுக்குத் தெரியாதா எந்தப் பக்கம் சரிவுன்னு? இத்தனை வருஷமா இங்க இருக்கீங்க!"

"மலைன்னா தெரியும்மா. இது மைதானம். இதுல நான் இன்னாத்தக் கண்டேன்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்கள் எல்லாரும் சரிவில் பிறந்து சரிவில் வளர்ந்தவர்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று இவர்கள் ஒருநாளும் யோசிக்க வேண்டியிருந்ததில்லை. கீழே போகும், அவ்வளவுதான். தட்டையான பூமியில் அது எந்தப் பக்கம் போகும் என்ற கேள்வியோடு வாழ்ந்தவள் இந்த மொத்த கவுன்டியிலும் நான் ஒருத்திதான்.

அன்று அம்மாவுக்கு வீடியோவில் போன் செய்தேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது. மயிலாப்பூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள்.

"அம்மா, ஆத்தோரம் இருந்தப்ப மழை வந்தா நீ வாசல்ல இலை போடுவியே, அது எப்படி?"

"அத்த இன்னாத்துக்கு இப்ப கேக்குற? அங்க வெள்ளமா?"

"இல்லம்மா. சும்மா சொல்லு."

"தண்ணி நிக்கச் சொல்லோ பாக்கறதுக்கு ஆடாம அசையாமதான் இருக்கும். வேப்பல ஒண்ணு கிள்ளிப் போட்டா அது சொல்லும். ஆத்தப் பாத்து போச்சுன்னா தண்ணி வடியுது, தூங்கலாம். ஆத்துலேர்ந்து வூட்டப் பாத்து வந்துச்சுன்னா அரிசி மூட்டைய பரணுல ஏத்திடணும். இதுக்கு இன்னா படிப்பு வோணும்?"

எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் அதைச் செய்வார்கள். டிசம்பர் மழையில் ஒவ்வொரு வாசலிலும் ஓர் அம்மா குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கெட் தண்ணீரில் அது தெரியாது. மண் குடித்துக் குடித்து, இனி முடியாது என்று விட்ட பிறகு மேலே நிற்கிற தண்ணீரில்தான் தெரியும். அதற்கு நாள் முழுக்க மழை பெய்ய வேண்டும்.

6

அக்டோபர் நடுவில் பெய்தது. பனியாக மாறுவதற்கு முந்தைய மழை, ஊசி மாதிரி. கார்லை நச்சரித்து லாரியில் மேலே போனோம். புல்வெளி முழுக்கத் தண்ணீர் தாள் விரித்த மாதிரி நின்றிருந்தது. பார்த்தால் அசைவே இல்லை.

வேப்பமரம் இங்கே ஏது? ஆஸ்பென் என்று ஒரு மரம் உண்டு. அரசமரம் மாதிரி, காற்றே இல்லாவிட்டாலும் இலை ஆடும். அந்த மாதத்தில் இலையெல்லாம் மஞ்சள். ஒரு கூடை பொறுக்கிவந்திருந்தேன். முதலில் வீட்டுக்குக் கிழக்கே நின்று ஒன்று போட்டேன். நின்றது. நின்றது. பிறகு மெதுவாக, வெட்கப்படுகிற மாதிரி, கிழக்கே நகர்ந்தது. கார்ல் லாரியைவிட்டு இறங்கி வந்தார். இன்னொன்று போட்டேன். அதுவும் கிழக்கே.

"ஓய்!" என்றார் கார்ல். "அப்ப வூடு நம்மளுதுதான்!"

"பொறுங்க," என்று வீட்டைச் சுற்றி மேற்குப் பக்கம் போய்ப் போட்டேன். இலை மேற்கே போயிற்று. இன்னும் நாலைந்து போட்டேன். எல்லாமே மேற்கே.

இரண்டு பேரும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தோம். கூரையின் முகடு தெற்கு வடக்காக ஓடுகிறது. ஒரு பக்கம் விழும் மழை இந்தப் பக்கம் சொட்டியது, மறுபக்கம் விழும் மழை அந்தப் பக்கம் சொட்டியது. புல்வெளி முழுவதிலும் மண் கொஞ்சமே கொஞ்சம் மேடாக இருந்த இடத்தில், ஈரம் ஏறாது என்று பார்த்து, யாரோ அந்த வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் பிரிகிற கோடு அந்த வீட்டின் நடு ஹாலுக்குள் போகிறது.

நோரா குடையோடு வெளியே வந்தார். "ரெண்டு பேரும் மழைல நின்னுண்டு கூரையை ஏன் பார்க்கறேள்?"

"உங்க கூரைத் தண்ணி ரெண்டு கடலுக்குப் போகுது," என்றேன். குளிரில் பல் அடித்துக்கொண்டது. சந்தோஷத்தில் கத்திவிட்டேன் போலிருக்கிறது.

"அது சரி. சிலிண்டர் வேன் எந்தக் கடலுக்குப் போறதாம்?"

7

வீட்டின் நடுவே எல்லை போனால் அந்த வீடு யாருக்கு? மாநில அலுவலகத்தில் எல்லை விவகாரங்களைப் பார்க்கிற ஒரு பெண்மணிக்கு போன் செய்தேன். நான் இலை போட்டதைச் சொன்னேன். கோடு சரிதானா என்று தன் ஆட்களை அனுப்பிப் பார்க்கச் சொல்வதாகச் சொன்னார். சொன்னபடியே வந்தார்கள், கருவி வைத்து அளந்தார்கள், ஹாலின் நடுவிலே ஒரு சின்ன ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். அது இலை சொன்ன இடத்திலிருந்து ஒரு சாண்கூட விலகவில்லை என்பதை இங்கே எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

வீட்டைப் பற்றி அந்தப் பெண்மணி சொன்ன விதி வேறு. "வீடு ரெண்டு கவுன்டியில இருந்தா, அதுல குடியிருக்கிறவர் எங்க தூங்குறாரோ அந்த கவுன்டிக்காரர்."

"சாப்பிடுற இடம், உட்கார்ற இடம் எதுவும் கணக்கில்லையா?"

"இல்லை. தூங்குற இடம் மட்டும்தான்."

எனக்கு இதைவிடச் சுவாரசியமான சட்டம் தெரியாது. ஒரு மனிதர் எந்த ஊர்க்காரர் என்பதை அவருடைய தலையணை முடிவு செய்கிறது! அம்மாவிடம் சொன்னேன். அவள் பஸ்ஸில் இருந்தாள். ஜன்னலோரம், கம்பியில் தலை சாய்த்து.

"அப்ப என் ஊரு பஸ்ஸுன்னு எழுதிக்க. போவச் சொல்லோ ஒரு தூக்கம், வரச் சொல்லோ ஒரு தூக்கம். அந்த மாடி வூட்டுல எங்க தூங்குறேன் நானு? தண்ணி வர்ற நேரம் பாத்துக்கினு குந்திக்கினுகீறேன்."

சிரித்தோம். பிறகு அவள் கேட்டாள், "கெயவன் எங்க தூங்குறாரு?"

அங்கேதான் சிக்கல். வாலஸின் கட்டில் மேற்கு அறையில் இருந்தது. ஆணிக்கு அந்தப் பக்கம்.

கிழக்கே இருப்பது சமையலறையும், ஜாம் பாட்டில்களும் விறகும் போட்டுவைக்கிற ஒரு சின்ன அறையும். அந்த அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. அதில் சாலை தெரியும், குப்பைத்தொட்டி தெரியும். மலை தெரியாது.

நானும் கார்லும் போய்ச் சொன்னபோது வாலஸ் மலையைப் பார்த்தார். பிறகு, "முடியாது" என்றார்.

"கட்டில் மட்டும்தான். நாலு பேர் வந்தா அஞ்சு நிமிஷ வேலை," என்றேன்.

"மலையப் பார்க்காம எனக்குத் தூக்கம் வராது."

நோரா இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "கண்ண மூடிண்டப்புறம் மலை எங்க தெரியறது? இத்தனை வருஷமா மலையைப் பார்த்துண்டு தூங்கறது நீங்க. உங்க குறட்டையக் கேட்டுண்டு முழிச்சுண்டிருக்கறது நான். மலையைப் பார்க்கறது நானாக்கும்!"

கார்ல் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். வாலஸ் சிரிக்கவில்லை.

"எங்கப்பா இந்த அறையிலதான் செத்தார். நானும் இங்கதான்," என்றார்.

நோராவின் குரல் இறங்கியது. "அதுக்கு அவசரம் ஒண்ணுமில்ல. சிலிண்டர் வரலேன்னா இந்த மாசமே அது நடந்துடும். சிலிண்டர் வந்தா இன்னும் சித்த நாள் என்னோட சண்டை போடலாம். எது வேணும், சொல்லுங்கோ."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் இறங்கி வந்துவிட்டோம். அவரை இதற்குமேல் தள்ள எனக்கு உரிமை இல்லை. நான் இலை போட்டு ஒரு கோட்டைக் கண்டுபிடித்தேன். கோட்டின் எந்தப் பக்கம் படுப்பது என்பது அவருடைய விஷயம். லாரியில் வரும்போது கார்ல் ரேடியோவைக்கூடப் போடவில்லை.

8

கூட்டத்துக்கு முந்தைய நாள், மூன்று உறுப்பினர்களும் நேரில் பார்ப்பதாகச் சொல்லி மேலே வந்தார்கள். சாலைத் துறை என்று கார்ல், வரைபடம் என்று நான். நோரா கதவைத் திறந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஜாம் பாட்டில்கள் எல்லாம் ஹாலில் சுவரோரமாக அடுக்கியிருந்தன. சின்ன அறையில், விறகு இருந்த இடத்தில், கட்டில். அதன் மேல் வாலஸ். பூட்ஸோடு படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். மளிகைக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"தூங்குறாரா?"

"தூங்கறேன்," என்றார் வாலஸ்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மளிகைக்கடைக்காரர் ஹாலில் குனிந்து ஆணியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். அங்கேயே, ஜாம் பாட்டில்களுக்கு நடுவில் நின்றபடியே, சாலை பட்டியலில் இருக்கட்டும் என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அடுத்த நாள் கூட்டத்தில் அதை வாசித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கட்டிலை யார் நகர்த்தியது என்று நோராவிடம் கேட்டேன். அவர் கார்லைப் பார்த்தார். கார்ல் ஜன்னல் வழியாகக் குப்பைத்தொட்டியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைல போன் பண்ணார் கெயவன். ஆளக் கூட்டிக்கினு வான்னார். வந்தேன்," என்றார்.

முதல் பெரும்பனி போன வாரம் விழுந்தது. காலையில் கார்லின் லாரியிலேயே தொற்றிக்கொண்டு போனேன். எங்களுக்குப் பின்னால் சிலிண்டர் வேன். வீட்டு வாசல்வரை வழி செய்துவிட்டு உள்ளே போனால், கிழக்கு அறையில் கட்டில் காலி. போர்வை மடித்து வைத்திருந்தது. நான் சமையலறைப் பக்கம் ஓடினேன்.

நோரா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"பயப்படாதே. விடிஞ்சதும் பக்கத்து கவுன்டிக்குக் கிளம்பிடறார். மத்தியானம் சாப்பிட வருவார். ராத்திரி படுக்க மட்டும் நம்மாத்துக்கு வந்துடணும்னு சொல்லி வச்சிருக்கேன்."

கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து புதிதாக வாங்கிய நீளமான குழாய், அறைக் கதவைத் தாண்டி, ஹாலில் ஆணியைத் தாண்டி, மேற்கு அறைக்குள் போயிருந்தது. அங்கே காலியான தரையில் ஒரே ஒரு நாற்காலி. வாலஸ் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் முழுக்க மலை.

"கார்ல்," என்றார் திரும்பாமலே. "வழி போட்டாச்சா?"

"போட்டாச்சு நைனா."

"சரி. நான் இன்னும் கொஞ்ச நேரம் வெளியூர்ல இருக்கேன்."